அயர்லாந்து ஏன் அவ்ளோ காலம் ஏழை நாடாவே இருந்துச்சு?

மன்னை_தம்பி:
மச்சான் டப்ளின்ல ஐடி வேலைல இருக்காப்ல, அங்க வீட்டு வாடகைய கேட்டா நமக்கு தலை சுத்துது. ஆனா அதே நாட்ல 1950கள்ல மட்டும் 4 லட்சம் பேர் கிட்ட பொழப்பு தேடி வெளிய போயிருக்காங்க, மொத்த ஜனமே 30 லட்சத்துக்குள்ளதான். விவசாய நாடா இருந்ததுதான் காரணமா? நம்ம டெல்டாவையும் 2020ல வேளாண் மண்டலம்னு அறிவிச்சிட்டாங்களே, அதான் கேக்குறேன்.

குடவாசல்_குறுவை:
தம்பி, விவசாயத்து மேல பழி போடாதீங்க, எத வித்தாங்க யாருக்கு வித்தாங்கன்னு பாருங்க. 1845-49 பஞ்சத்துல 10 லட்சம் பேர் செத்து, இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினப்பறம் உழுத நிலமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மேய்ச்சலுக்கு போயிடுச்சு. மேய்க்க எத்தன ஆள் வேணும்? நம்மூர்ல செயின் வச்ச அறுவடை வண்டி வந்து அறுப்பு ஆளுக்கு வேலை போன கததான். அந்த மாட்டையும் பெரும்பாலும் உசுரோடயே இங்கிலாந்துக்கு ஏத்தி விட்டாங்க, அறுக்குறது தோல் பதப்படுத்துறதுன்னு அத வச்சு வர்ற வேலையெல்லாம் அங்க போயிடுச்சு. வாங்குறதும் ஒரே ஆளு. அயர்லாந்து விவசாயிங்க நிலம் வாங்க பிரிட்டன் குடுத்த பழைய கடனோட தவணைய 1932ல அயர்லாந்து தலைவர் டி வலேரா நிறுத்துனதும், லண்டன் அயர்லாந்து சரக்குக்கு 20 சதவீதம் வரி போட்டான், மாட்டு விலை படுத்துருச்சு, கன்னுக்குட்டிய அடிச்சு தோலக் கொண்டாந்தா அரசாங்கமே காசு குடுக்குற அளவுக்கு போச்சு. 1938லதான் சமாதானம் ஆனாங்க.

திருவாரூர்_டீக்கட:
அண்ணே பாதி சரி, ஆனா எல்லாத்தையும் வெள்ளக்காரன் தலைல கட்டாதீங்க. அதே 1932ல இவங்களே கதவ சாத்திக்கிட்டாங்க, கம்பெனில பெரும்பங்கு உள்ளூர்க்காரன்ட்டதான் இருக்கணும்னு சட்டம், வெளி சரக்குக்கு ஏகப்பட்ட வரி. உள்ள தொழில் வந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அந்த குட்டி மார்க்கெட்ட தாண்டி விக்கிற தெம்பு வரல. பெல்பாஸ்ட் கப்பல் பட்டறை, லினன் மில்லு எல்லாம் அயர்லாந்து பிரிவினைலயே பிரிட்டனோட இருந்துட்ட வட அயர்லாந்துக்கு போயிடுச்சு. 1958ல நிதித்துறை செயலாளர் விட்டேக்கர் அறிக்கை குடுத்தப்பறம்தான் வெளிநாட்டு முதலீட்ட உள்ள விட்டாங்க. இலவச ஹைஸ்கூல் படிப்பே 1967லதான்ணே, நம்ம காமராஜர் அதுக்கு பத்து வருஷம் முன்னாடியே பள்ளிக்கூடத்துல சோறு போட்டாரு!

மன்னை_தம்பி:
அப்ப 1973ல ஐரோப்பிய சந்தைல சேந்ததும் சரியாயிடுச்சா?

குடவாசல்_குறுவை:
உடனே எங்க, 80கள்லயும் கப்பலும் பிளைட்டும் ஏறிட்டுதான் இருந்தாங்க. 90கள்லதான் நெலம மாறுச்சு, படிச்ச பசங்க இருந்தாங்க, அமெரிக்க கம்பெனி வந்துச்சு. டீக்கட தம்பி சொன்ன ஸ்கூல் மேட்டர் ஒத்துக்குறேன். மண்டலத்துக்கு பயப்படாதீங்க, அதுல தடுத்துருக்குறது எண்ணெய் கிணறு, தோல் தொழிற்சாலை மாதிரி சமாச்சாரம், அரிசி ஆலை வைக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லல. வைக்கிறதுக்குதான் ஆள காணும்.