மறு: 'எக்சிட் பொயின்ட்' – 'தரிப்பு' என்று வைத்தால் என்ன குறை?

அன்பின் நண்பர்களுக்கு,

> 'வெளியேறும் புள்ளி' போதும். புதுச்சொல் தேடி மினக்கெட வேண்டாம்.

போதாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கான நெகிழ்வான தொழிற்கல்வித் திட்டத்தின் கைநூலைத்தான் தமிழாக்குகிறோம். அந்தத் திட்டத்தின் உயிரே 'எக்சிட் பொயின்ட்'டில், அதாவது படிப்பின் நடுவே ஒரு தகைமையோடு இறங்கிப் போகக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. இலங்கையின் தேசிய தொழிற் தகைமைக்கு ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நான்கோடு இறங்கி வேலைக்குப் போன பிள்ளை, பிறகு வந்து ஐந்தில் ஏறலாம். அந்த இறங்கலை 'வெளியேறல்' என்று அச்சடித்தால் தகப்பன் என்ன நினைப்பார்? 'இடைவிலகல்' இன்னும் மோசம். பாடசாலைகளில் அது கணக்கெடுத்துக் குறைக்கப் பார்க்கும் ஒரு குறை. 'வெளியேற்றம்' என்ற சொல்லை, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, இந்தப் பக்கத்தில் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

யாருக்காக எழுதுகிறோம் என்று பாருங்கள். திருகோணமலைக் கரையில், நிலாவெளி, உப்புவெளியில் சுற்றுலா சீசன் மே தொடக்கம் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிற பெடியனுக்கு வகுப்புக்கு வர வழியில்லை. மேசைக்கு மேல் விருந்தினர் பதிவேடு, கீழே பாடக்கொப்பி. கொப்பியைத் திறக்கமுன் அடுத்த வான் வந்து நிற்கும். வாடை மழை தொடங்கி அறைகள் காலியானால்தான் அவன் மாணவன். மூதூர்ப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவனுக்குக் கணக்கு தலைகீழ்: கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறும்போதுதான் அவனுக்கு வேலை குவியும். வேலையில் பழகிய திறனைச் சோதித்துத் தகைமை கொடுக்கும் முன்கற்றல் மதிப்பீட்டில் அவன் மட்டம் மூன்றோ நான்கோ எடுத்துவிடலாம். அதற்கு மேல் படிக்க இவனுக்கும் அவனுக்கும் வேறு வேறு மாதங்கள் வேண்டும். இவர்கள் படிப்பை விட்டவர்கள் அல்ல, நின்று போகிறவர்கள்.

ஆகவே 'தரிப்பு'. பஸ் தரிப்பிடம் என்று பலகையில் தினமும் வாசிக்கிற சொல், விளக்கம் தேவையில்லை. கிளைவிடவும் செய்கிறது: இறங்கக்கூடிய இடம் தரிப்பு நிலை, இறங்கும்போது கையில் கிடைப்பது தரிப்புத் தகைமை, எவ்வளவு நாள் நிற்கலாம் என்பது தரிப்புக் காலம். 'வெளியேறும் புள்ளி'யிலிருந்து இப்படி இன்னொரு சொல் எடுத்துப் பாருங்கள், நாக்கு முறுக்கிக்கொள்ளும்.

> எங்கள் ஊரில் தரிப்பு என்றால் உடை தரிப்பது, இல்லையென்றால் கருத்தரிப்பு.

சென்னை ஐயாவுக்கு: 'தரித்து நிற்றல்' உங்களுக்கும் புரியும்தானே? நாங்கள் 'ஓரிடத்தில் தரிக்கமாட்டான்' என்று பிள்ளைகளை ஏசுகிறோம். அப்போது யாருக்கும் உடுப்பு ஞாபகம் வருவதில்லை.

ஐயாவின் அடுத்த கேள்வி கனமானது. இந்தியாவின் 2020 கல்விக் கொள்கையும் ஓராண்டில் சான்றிதழ், இரண்டில் டிப்ளோமா, மூன்றில் பட்டம் என்று பிரித்தது. 'இடைநிற்றலுக்கு முத்திரை குத்துகிறார்கள்' என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பும் வந்தது. பெயரை மாற்றினால் அந்தக் குற்றச்சாட்டு போய்விடுமா என்று கேட்கிறார். போகாது. அடுத்த பஸ் வராத இடத்துக்குத் தரிப்பிடம் என்று பலகை போட்டு என்ன பயன்? அதனால் சொல்லோடு சேர்த்து வரைவிலக்கணத்தையும் கட்டிவிட வேண்டும்: மீளச் சேரும் உரிமை எழுத்தில் உள்ள இடம் மட்டுமே தரிப்பு நிலை. உரிமை இல்லாத இடத்துக்கு 'இடைவிலகல்' என்றே எழுதுவோம், அப்போதாவது திட்டம் போடுகிறவர்களுக்குச் சுடும். தரிப்புக் காலத்துக்கும் எல்லை வேண்டும். படித்த பாடங்களுக்கான வரவுகளை (கிரெடிட்) சேர்த்துவைக்கும் இந்தியாவின் கல்வி வரவு வங்கியின் 2021 விதிகளில், அவை செல்லுபடியாவது அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். எஞ்சின் வேலைக்கு ஏழு சரிவரலாம். மென்பொருளுக்கு அது அதிகம்.

பட்டத்தை 'முற்றுத்தரிப்பு' என்போமா என்று ஒருவர் பகிடி விட்டிருந்தார். வேண்டாம், படிப்புக்கே முற்றுப்புள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும்.

---

மறு: மறு:

தரிப்பு எனக்குச் சம்மதம். ஆனால் 'மட்டம்' என்ற சொல்லையும் பாருங்கள். தொழிற் தகைமையில் மட்டம் 5 என்பது, பல்கலைக்கழகப் பட்டங்களையும் வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மட்டம் 3. 6க்கு 4, 7க்கு 5. இரண்டையும் வெறும் 'மட்டம்' என்று எழுதினால், டிப்ளோமா எடுத்த பிள்ளை 5இலிருந்து 3க்கு இறங்கிவிட்டது என்று தாய்மார் என்னிடம் வந்து அழுவார்கள். கிண்ணியாவில் பெறுபேற்று நாளில் நடப்பது எனக்குத் தெரியும். 'கிரெடிட்'டும் அப்படித்தான்: பிள்ளைகளுக்கு அது ஓ.எல். (சாதாரண தரப்) பெறுபேற்றில் வரும் திறமைச்சித்தி.

---

மறு: மறு: மறு:

டீச்சர் சொல்வது சரி. ஒவ்வொரு இடத்திலும் சட்டகத்தின் பெயரை முன்னால் போட்டு 'தொழிற் தகைமை மட்டம் 5' என்றே எழுதுகிறேன், நீளம் பரவாயில்லை. தரிப்பு நிலை, தரிப்புத் தகைமை, தரிப்புக் காலம் மூன்றும் வரைவுக்குள் போகின்றன. கிரெடிட்டுக்கு இப்போதைக்குக் 'கற்றல் வரவு' என்று போட்டு வைத்திருக்கிறேன். கணக்கியல் படித்தவர்கள் 'அப்போ செலவு எங்கே' என்று கேட்பார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.