பென்ஷன் டிரான்ஸ்ஃபர் நஷ்டஈடுக்கு டாக்ஸ் உண்டா? (யூகே)

வணக்கம், அப்பா யூகேல கம்பெனி பென்ஷன்ல இருந்தாரு, ஒரு அட்வைசர் பேச்சக் கேட்டு வெளிய மாத்திட்டாரு, இப்ப கம்ப்ளைன்ட் ஜெயிச்சு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு. 40,000 பவுண்டுன்னு கணக்கு போட்டு அதுல 15% கழிச்சு 34,000 தான் தருவாங்களாம். டாக்ஸ்னு சொல்றாங்க, அப்ப நாம திரும்ப ஹெச்எம்ஆர்சிக்கும் (யூகே வரித்துறை) கட்டணுமா?

> அது நெஜ டாக்ஸ் இல்ல ப்ரோ, ஹெச்எம்ஆர்சிக்கு ஒரு பைசா போகல. அந்தப் பணம் பென்ஷனாவே வந்திருந்தா 25% டாக்ஸ் இல்லாம எடுத்திருப்பாரு, மிச்ச 75%க்கு 20% வரி, அதான் 15%. கையில காசா தர்றதால முன்னாடியே கழிச்சுக்கிறாங்க. பொதுவா அசல் நஷ்டஈடு வருமானமா சேராது.

> மேல சொன்னது சரி, ஆனா லெட்டர்ல வட்டின்னு தனி லைன் இருக்கான்னு பாருங்க. லேட்டா குடுத்ததுக்கான வட்டி, சேவிங்ஸ் வட்டி மாதிரி வருமானம்தான். 20% பிடிச்சிருந்தா சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க, அப்பாவோட வருமானம் கம்மின்னா ஆர்40 ஃபார்ம் போட்டு திரும்ப வாங்கலாம், நெறைய பேர் சோம்பேறித்தனத்துல விட்டுடறாங்க.

> அப்பா பென்ஷன் எடுக்கறப்போ 40% ஸ்லாப்ல வர வாய்ப்பே இல்லன்னா 15%க்கு மேல கழிக்க விடாதீங்க. வருமானம் டாக்ஸே இல்லாத 12,570 பவுண்டு வரம்புக்குள்ளதான்னா 15% கூட அதிகம், சண்ட போடுங்க. கையெழுத்து போட்டுட்டா அப்புறம் கஷ்டம்.

நன்றி. வட்டி 1,900ன்னு கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு 😅