51 மி.மீ. மெஷினுக்கு எந்த டாம்பர்? எவ்வளவு அழுத்துவது?

ராத்திரி டிகாஷன்:
வீட்டில் இருப்பது 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (தூள் போடும் பாஸ்கெட்டை மாட்டும் கைப்பிடி) கொண்ட சின்ன எஸ்பிரசோ மெஷின். கூட வந்த இரட்டைச் சுவர் பாஸ்கெட்டை ஓரங்கட்டிவிட்டு ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறியதிலிருந்து தலைவலிதான். அதே கொட்டை, அதே அரைப்பு, தராசில் அதே 16 கிராம். ஒரு நாள் 28 விநாடியில் 32 கிராம் அழகாக இறங்குகிறது, மறுநாள் பாதி நேரத்திலேயே சர்ரென்று கொட்டி, புளிப்பும் கசப்பும் ஒரே வாயில் வருகிறது. தூளை அழுத்த மெஷினோடு வந்த பிளாஸ்டிக் டாம்பரைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன், பாஸ்கெட்டுக்குள் விட்டால் லொடலொடவென்று ஆடுகிறது. கடையில் தேடினால் சாதா டாம்பர், ஸ்பிரிங் வைத்தது, உள்ளங்கையால் அழுத்தும் வட்டமானது என்று வகைவகையாகக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்? அப்புறம், 15 கிலோ அழுத்தம் வேண்டும் என்கிறார்களே, அதை எப்படி அளப்பது, எடை பார்க்கும் மெஷின் மேல் வைத்தா?

லீவர்காரர்:
அந்த 15 கிலோவை முதலில் மறந்துவிடுங்கள். 30 பவுண்டு என்று பாரிஸ்டாக்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கணக்கு அது. மெஷின் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளும்போது 51 மி.மீ. வட்டத்தின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 185 கிலோ, 58 மி.மீ. என்றால் 240 கிலோ. அதற்கு முன்னால் உங்கள் கை 12 கிலோ கொடுத்ததா 18 கிலோ கொடுத்ததா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. தூளுக்குள் இருக்கும் காற்று இடைவெளியை வெளியேற்றி மேல்பரப்பைச் சமமாக்குவது, டாம்பரின் வேலை அவ்வளவுதான். இதற்கு மேல் இறங்காது என்று கைக்குத் தெரியும், அங்கே நிறுத்துங்கள். ஷாட், அதாவது இறங்கும் காபி, வேகமாக ஓடினால் கிரைண்டரை நைசாக்க வேண்டுமே தவிர, தோளில் பலம் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை.

உங்கள் பிரச்சினை அந்த ஆட்டம்தான். பாஸ்கெட்டைவிட டாம்பர் 1 மி.மீ. சின்னதாக இருந்தாலே சுற்றிலும் அரை மி.மீ. வளையம் அழுத்தப்படாமல் நிற்கும், தண்ணீர் சும்மா இருக்குமா, இளகிய இடம் பார்த்து அந்த ஓரமாகவே இறங்கிவிடும். நடுத்தூளில் பாதி சாறு அப்படியே தங்க, ஓரத்தூளில் இருந்து தேவையில்லாததெல்லாம் கரைந்து வருகிறது. புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். டாம்பரும் சாய்ந்து இறங்கினால் கேட்கவே வேண்டாம். ஆகவே பாஸ்கெட்டின் உள்விட்டத்தை வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள், 51 என்று விற்பதெல்லாம் அச்சாக 51 இல்லை. காஜியா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா மாதிரி 58 மி.மீ. மெஷின் வைத்திருப்பவர்கள்கூட 58.5 டாம்பர் தேடி அலைவது இதற்காகத்தான். அதற்காக ரொம்ப இறுக்கமாகவும் வேண்டாம். மேலே எடுக்கும்போது தூளையும் சேர்த்து உறிஞ்சி இழுத்து விரிசல் விட்டுவிடும்.

பீபரி:
கிலோ கணக்கு சரி, ஆனால் அதை வைத்து ஸ்பிரிங் டாம்பர் வீண்செலவு என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிக் காபி போட்டால், யார் அழுத்தினாலும் ஒரே அழுத்தத்தில் நிற்கும் என்பது பெரிய நிம்மதி. சில மாடல்களில் ஒரு வெளித்தட்டு பாஸ்கெட் விளிம்பில் உட்கார்ந்துகொள்வதால் சாய்வும் வராது, புதிதாகக் கற்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். உள்ளங்கை டாம்பரில்தான் கவனம் வேண்டும். அதில் ஆழத்தை முன்கூட்டியே திருகி வைப்பீர்கள், 16 கிராமுக்கு வைத்த ஆழத்தில் 14 கிராம் போட்டால் தட்டு தூளை லேசாகத் தொட்டுவிட்டு நின்றுவிடும். மேலே வழவழவென்று தெரியும், உள்ளே அழுந்தியே இருக்காது.

சாதா டாம்பர்தான் வாங்குவேன் என்றால் மணிக்கட்டை மடக்காமல் முழங்கை டாம்பருக்கு நேர் மேலே வரும்படி நின்று அழுத்துங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் டாம்பரின் அடிப்பகுதியைத் தொட்டபடி இருந்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

கசப்புக்கட்டை:
எல்லோரும் டாம்பரையே பேசுகிறீர்கள். கை கிரைண்டர் தூள் கட்டிகட்டியாக விழுந்தால் எந்த டாம்பராலும் காப்பாற்ற முடியாது. அழுத்துவதற்கு முன் மெல்லிய ஊசியால் அடிவரை கிளறிவிடுங்கள். ஜான் வைஸ் என்பவர் 2005 வாக்கில் இணையத்தில் எழுதிப் பரவிய முறை, அவர் பெயராலேயே டபிள்யூடிடி (வைஸ் டிஸ்ட்ரிபியூஷன் டெக்னிக்) என்கிறார்கள். கடையில் வாங்க வேண்டியதில்லை, பாட்டில் கார்க்கில் 0.3 அல்லது 0.4 மி.மீ. அக்குபங்சர் ஊசிகள் நாலைந்தைச் செருகினால் போதும். அழுத்தி முடித்தபின் போர்ட்டாஃபில்டரைப் பக்கவாட்டில் தட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், தூள் சுவரைவிட்டு விலகிவிடும். கடைசியில் டாம்பரை ஒரு சுற்றுச் சுற்றி மெருகேற்றுவது வெறும் அழகுக்கு.

ஃபில்டர் பக்தன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பித்தளை ஃபில்டரில் தூளை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கெட்டியாக டிகாஷன் இறங்கும் என்பார்கள் எங்கள் வீட்டில். இங்கே மட்டும் ஏன் பொருந்தவில்லை? ஃபில்டர் தூளையே இதில் போடலாமா?

லீவர்காரர்:
ஃபில்டரில் தண்ணீரைத் தள்ளுவது அதன் சொந்த எடை மட்டும், அதனால் கையழுத்தம் அங்கே உண்மையிலேயே வேகத்தை மாற்றும், ரொம்ப அழுத்தினால் இறங்காமலே நின்றுவிடும். மெஷினில் பம்ப் வந்து அந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. சிக்கரி கலந்த தூளை மட்டும் போடாதீர்கள், பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும், பிறகு கழுவி மாளாது.

ராத்திரி டிகாஷன்:
அளந்து பார்த்தேன், உள்விட்டம் 51.4. பிளாஸ்டிக் டாம்பர் 50கூட இல்லை! வெளித்தட்டு வைத்த ஸ்பிரிங் டாம்பரே ஆர்டர் போடுகிறேன். இரண்டு மூக்கு வைத்த போர்ட்டாஃபில்டரை எதன் மேல் வைத்து அழுத்துவது? மேடை விளிம்பில் வைத்தால் வழுக்குகிறது.

பீபரி:
ஓரத்தில் மடிப்பு வைத்த ரப்பர் மேட் விற்கிறார்கள், மடிப்பு மேடை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், மூக்கு வெளியே தொங்கும்படி வைத்து அழுத்தலாம். டாம்பரோடு சேர்த்தே ஆர்டர் போட்டுவிடுங்கள். 51.4க்கு 51 டாம்பர் போதும், 51.5 வேண்டாம், உள்ளேயே போகாது.