புதுப்பிப்பு: மருத்துவர் இல்லாத இடத்தில் இரவில் குழந்தைக்கு முடியாமல் போனால்

ஆஸ்திரேலியாவில், பாலைவனப் பகுதி வழியாகப் போகும் பேர்ட்ஸ்வில் தடம் என்ற சாலையோரம் ஒரு மாட்டுப் பண்ணையில் இருக்கிறோம், இரவில் மகளுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பறக்கும் மருத்துவர் சேவை (தொலைதூர இடங்களுக்கு விமானத்திலும் போனிலும் மருத்துவம் பார்ப்பவர்கள்) கொடுத்து வைக்கும் மருந்துப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரிக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. எங்கள் பண்ணையிலேயே, மேலாளரின் மனைவி பொறுப்பில் பூட்டி வைத்திருந்தார்கள். போன வாரம் நள்ளிரவில் மகளுக்குக் காதுவலி, காய்ச்சல். போனில் அந்தச் சேவையின் மருத்துவர் விவரமெல்லாம் கேட்டுவிட்டு மருந்தின் எண்ணைச் சொன்னார். பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பதற்றத்திலும் மாற்றி எடுக்கும் பயமில்லை. விடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

எதிர்பாராதது ஒன்று: மகளின் எடையைக் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. மருந்தின் அளவே அதைப் பொறுத்ததாம். அந்த நேரத்தில் தராசு தேடி ஓடினோம். இப்போதே எடை பார்த்து, போன் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.