மறு: இனிட்ராம்எஃப்எஸ் – ‘முன்படிமம்’ போதும், அளவுக் குறைப்புக்குத்தான் சொல் வேண்டும்

வணக்கம். லினக்ஸ் கணினி தொடங்கும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புப் பொதியான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு (initramfs) நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

மார்த்தாண்டத்து அண்ணாச்சி சொன்ன ‘சாரப் படிமம்’ பொருத்தமாகத்தான் இருக்கிறது. கட்டடம் எழும்பும்வரை சாரம் நிற்கும், அப்புறம் பிரித்துவிடுவோம். கெர்னல் (இயங்குதளத்தின் கரு) உண்மையான ரூட் கோப்பமைப்பை, அதாவது முழு இயங்குதளமும் இருக்கும் இடத்தை, பிடிக்கும்வரை இதற்கும் அதே வேலை. ஆனால் நம்மூரில் சாரம் என்றால் இடுப்பில் உடுத்துவது. இதை வகுப்பில் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை அடக்க என்னால் ஆகாது.

‘தொடக்க நினைவக வட்டு’ம் சரிவராது. இதற்கு முன்பிருந்த முறையான இனிட்ஆர்டிக்கு (initrd) அது பொருந்தும். இனிட்ராம்எஃப்எஸ், சிபிஐஓ (cpio) வடிவில் கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு பொதி. கெர்னல் அதை நினைவகத்தில் விரித்துக்கொள்கிறது, வட்டு என்று ஒன்று இல்லை. (டெபியன் லினக்ஸில் கோப்பின் பெயர் மட்டும் இன்றும் இனிட்ஆர்டி.ஐஎம்ஜிதான்!) எனவே என் ஓட்டு ‘முன்படிமம்’.

எனக்கு உறுத்துவது வேறு. ‘முன்படிமச் சுருக்கம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேலைகளை அடைத்திருக்கிறோம். ஒன்று, உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு எக்ஸ்இசட் (xz), இசட்ஸ்டாண்டர்டு (zstd) போன்ற கோப்பைச் சிறிதாக்கும் முறைகளால் இறுக்குவது. எக்ஸ்இசட் சிறிதாக்கும், ஆனால் விரிக்க நேரமெடுக்கும். பழைய பொறிகளில் அது நன்றாகவே தெரியும். இசட்ஸ்டாண்டர்டு சற்றுப் பெரிதானாலும் சட்டென்று விரியும். 2020இல் வந்த 5.9 கெர்னலிலிருந்து முன்படிமத்துக்கும் அது உண்டு. இதை ‘இறுக்கம்’ என்போம்.

மற்றது, உள்ளே போகிற மாட்யூல்களையே (டிரைவர் போன்ற கெர்னல் துணைத்துண்டுகளையே) குறைப்பது. டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் ‘மாட்யூல்ஸ்’ என்ற வரியில் ‘மோஸ்ட்’ (most) இருந்தால் பெரும்பாலான பொறிகளுக்கு வேண்டிய டிரைவர்கள் எல்லாம் ஏறும். ‘டெப்’ (dep) என்று மாற்றினால் இந்தப் பொறிக்கு வேண்டியது எது என்று கணித்து அதை மட்டும் ஏற்றும். ‘மோஸ்ட்’ தருவது ‘பொது முன்படிமம்’, ‘டெப்’ தருவது ‘தன்பொறி முன்படிமம்’.

பெயரைப் பிரிக்கக் காரணம் இருக்கிறது. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக் கணினிக்கூடத்தில் பூட் பகிர்வு (கெர்னலும் முன்படிமமும் இருக்கும் வட்டுப் பகுதி) நிரம்பி, கெர்னல் புதுப்பிப்பு பாதியில் நின்றது. யாரோ ‘சுருக்கிவிடு’ என்றார்கள், பையன் ‘டெப்’ போட்டான். இடம் கிடைத்தது, எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு ஒரு பொறியின் மதர்போர்டு போக, அதன் வட்டைக் கழற்றி வேறு கம்பெனிப் பொறியில் மாட்டினார்கள். புதுப் பொறியின் வட்டுக் கட்டுப்படுத்திக்கான டிரைவர் படிமத்தில் இல்லை. ரூட் கிடைக்காமல் கறுப்புத் திரையில் பிசிபாக்ஸ் (BusyBox) என்ற அவசரக் கட்டளை வரி வந்து நின்றது. இறுக்கியிருந்தால் இது நடந்திருக்காது. அதைவிட, பழைய கெர்னல்களை நீக்கியிருந்தாலே இடம் கிடைத்திருக்கும்.

எதிர்ப்பு இல்லையென்றால் முன்படிமம், இறுக்கம், பொது முன்படிமம், தன்பொறி முன்படிமம் ஆகிய இந்த நான்கையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். ‘தன்பொறி’யை ‘தானியங்கிப் பொறி’ என்று யாரும் படித்துவிடுவார்களோ என்று மட்டும் ஒரு சந்தேகம். குழித்துறை அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.