பழைய ஆங்கில நாடகங்களைக் கூடி வாசித்த அனுபவம்: மனதை விட்டுப் போகாத ஒரு கட்டத்தைச் சொல்லுங்கள்

கயல்விழி
எங்கள் ஊர் நூலகத்தில் பாகம் பிரித்துச் சத்தமாக வாசிப்போம். போன முறை ஜான் வெப்ஸ்டரின் ‘தி டச்சஸ் ஆஃப் மால்ஃபி’. நாலாம் அங்கத்தில், கதாநாயகியான டச்சஸைக் கொல்லக் கொலையாளிகள் கயிற்றோடு நிற்பார்கள். டச்சஸ் பாகம் என் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு வந்தது. அதுவரை ஒரே தொனியில் வாசித்துக்கொண்டிருந்தார். சாகப்போகிறவள் தோழியிடம் சொல்கிறாள்: சின்னவனுக்குச் சளி, மருந்து கொடு, மகளைத் தூங்குமுன் ஜெபம் சொல்ல வை. பாட்டி நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அதே வரியை முதலிலிருந்து வாசித்தார். கல்லூரியில் இந்த நாடகத்தைப் பரீட்சைக்குப் படித்தவள் நான். சளி மருந்து என்று ஒரு வரி இருந்ததாகவே நினைவில்லை. இருந்தாலும் வீட்டில் ஒருமுறை படித்துவிட்டுத்தான் வாசிக்க வரவேண்டும் என்பேன்.

செந்தில் (கிராய்டன்)
அக்கா, படிக்கும்போதே சிலிர்த்தது. ஆனால் வீட்டில் படித்துவிட்டுத்தான் வாசிக்க வரவேண்டும் என்கிறீர்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். லண்டன் குளோப் அரங்கம் 1995இல் தொடங்கிய ‘ரீட் நாட் டெட்’ வாசிப்புகளில் நடிகர்களுக்கு ஞாயிறு காலையில்தான் பிரதி கிடைக்கும். அன்று பிற்பகலே பார்வையாளர் முன்னால் நிற்க வேண்டும். எல்லாம் 1642இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அரங்குகளை இழுத்து மூடுவதற்கு முன் எழுதியவை, இன்று பெரும்பாலும் யாரும் மேடையேற்றாதவை. நான் போன அன்று வாள்சண்டை. ஒரு கையில் தாள், மறு கையில் வாள். சண்டை நடுவே ஒருவர் பக்கத்தைத் திருப்ப வேண்டி வந்தது. எதிராளி வாளைத் தாழ்த்திக் காத்திருந்தார். திருப்பி முடித்ததும் பாய்ந்தார். அரங்கமே கைதட்டியது. ஒத்திகை பார்த்த நாடகத்தில் இது கிடைக்குமா?

நளினி
செந்தில், அவர்கள் தொழில்முறை நடிகர்கள். அவர்களை நம்மோடு ஒப்பிடாதீர்கள். நான் முதலில் போன குழுவில், எழுத்துக் கூட்டி வாசிக்கும் ஒருவர் பிரதியை முன்கூட்டியே கேட்டார், தர மறுத்தார்கள். மனிதர் அப்புறம் வரவேயில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

2020 ஊரடங்கில் ஜூமில் ‘தி விட்ச் ஆஃப் எட்மண்டன்’ வாசித்தோம். 1621இல் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட எலிசபெத் சாயரைப் பற்றி அதே ஆண்டில் எழுதியது. ஏழை, கூனி, படிப்பில்லாதவள் என்பதால் ஊர்ப்பழியெல்லாம் என் தலையிலா என்று கேட்டுக்கொண்டே வருவாளே, அங்கே வாசித்தவர் கேமராவை அணைத்துவிட்டார். கறுப்புக் கட்டத்திலிருந்து குரல் மட்டும். முன்கூட்டியே பிரதி வாங்கி வைத்திருந்தவர்தான் அவர்!

பழைய ஏடு
‘டாக்டர் ஃபாஸ்டஸ்’ கடைசிக் காட்சி. ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்றவனை, மணி பன்னிரண்டு அடித்ததும் பேய்கள் இழுத்துப் போகும். பதினொன்று அடிக்கும்போது ஒருவர் கரண்டியால் தேநீர்க் கோப்பையைத் தட்டினார். பன்னிரண்டுக்குத் தட்டும்போது கை நடுங்கியது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயம். எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டஸுக்கே 1604இல் அச்சான பிரதி வேறு, 1616இல் அச்சானது வேறு; பின்னது நீளம். பாதிப் பேர் இதையும் மீதிப் பேர் அதையும் வைத்திருந்தால் வாசிப்பு நகராது. மேடைக் குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் யார் வந்தார், யார் செத்தார் என்றே புரியாது. முதல் வாசிப்புக்கு வெப்ஸ்டர் வேண்டாம். தாமஸ் டெக்கரின் ‘தி ஷூமேக்கர்ஸ் ஹாலிடே’ எடுங்கள். செருப்புத் தைப்பவர்களின் பட்டறைப் பேச்சு நிறைய, சின்னப் பாகங்களும் நிறைய. கூச்சப்படுகிறவர் நாலு வரியோடு தொடங்கலாம். பெரிய பாகத்தை அங்கத்துக்கு ஒருவராக மாற்றிக் கொடுங்கள். உச்சரிப்பை நடுவில் யாரும் திருத்தக் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் அங்கம் முடிந்ததும் தேநீர்.

செந்தில் (கிராய்டன்)
சரி நளினி, கேட்பவருக்கு முன்னாடியே கொடுக்கட்டும். எல்லாருக்கும் கட்டாயம் என்றால்தான் எனக்குச் சம்மதமில்லை.

மெட்வே முருகன்
நாங்கள் ‘ஆர்டன் ஆஃப் ஃபேவர்ஷாம்’ நாடகத்தை, கதை நடந்த கென்ட் மாவட்டத்து ஃபேவர்ஷாம் ஊரிலேயே வாசித்தோம். 1551இல் நிஜமாகவே ஆர்டனை மனைவி ஆலிஸ் ஆள் வைத்துக் கொன்ற வீடு ஆபி தெருவில் இன்றும் நிற்கிறது. வயலில் போட்ட ஆர்டனின் உடல் கிடந்த தடம் புல்லில் இரண்டு ஆண்டுக்குமேல் தெரிந்தது என்று முடிவுரை வந்ததும், உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து, “வயல் அந்தப் பக்கம்” என்று ஜன்னலைக் காட்டினார். எனக்கு முதுகு சில்லிட்டது. திரும்பவும் வாசிக்க ஆசை, ஆலிஸ் பாகத்துக்குத்தான் ஆளில்லை. கென்ட் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? பிரதி முன்கூட்டியே தருகிறோம்.