மறு: மறு: ‘ஆஃப்செட்’டுக்கு எதிரீடு போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

மூன்று நாளாக மலையில் மழை. நெட் வருவதும் போவதுமாக இருந்ததால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: வண்டிச் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் ஆஃப்செட் என்று பெயர், அதற்குத் தமிழ் தேடுவதுதான் பேச்சு.

கோவை ஐயா எழுதியிருந்தது:

> சக்கர ஆஃப்செட்டுக்கு ‘எதிரீடு’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஈடாக எதிரில் நிற்பது என்ற பொருள் கிடைக்கிறது. கையில் சொல் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, ஈடு என்று நீங்கள் சொன்னதும்தான் நினைவுக்கு வருகிறது: நான்கு ரிம்முக்குக் கொடுத்த பணம் எனக்கு இன்னும் ஈடாகவில்லை. அந்தக் கதையைச் சொன்னால் ஏன் தேடுகிறேன் என்பது புரிந்துவிடும்.

நான் கணக்கெழுதும் விடுதி ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருக்கிறது. கேட்டிலிருந்து அறைகளுக்கு முக்கால் கிலோமீட்டர் ஏற்றம். பெட்டி படுக்கையோடு வருகிறவர்களுக்காக ஆறு பேர் உட்காரும் பேட்டரி வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருக்கிறோம். தோட்டத்துக்கு வெளியே அது போவதில்லை. (கோல்ஃப் கார்ட் வகை. இதற்கு ‘குழிப்பந்து ஊர்தி’ என்று ஒரு நண்பர் பெயர் சூட்டியிருந்தார். எங்கள் பாதையைப் பார்த்தவர்கள் குழியை மட்டும் ஒத்துக்கொள்வார்கள், பந்தைத் தேடுவார்கள். ரயில் நிலையம், கோயில், உயிரியல் பூங்கா என்று எங்கே போனாலும் சனங்கள் பேட்டரி கார், பேட்டரி வண்டி என்கிறார்கள். அதில் கை வைக்க வேண்டாம்.)

வண்டியோடு வந்த டயர் 18×8.50-8. வெளிவிட்டம் 18 அங்குலம், அகலம் எட்டரை, உள்ளே உட்காரும் ரிம் 8. புல்தரையில் ஓடுவதற்கென்று செய்தது. புல் கிழியக்கூடாது என்பதால் பட்டன் (டயர்மேல் உள்ள வெட்டு) ஆழமே இருக்காது, காற்றும் 20 பவுண்டு அளவில்தான் வைப்பார்கள். சில்வர் ஓக் இலை உதிர்ந்து ஊறிக் கிடக்கும் செம்மண்ணில் அந்த டயர் படுத்தும் பாட்டைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் சக்கரம் சுற்றும், வண்டி நிற்கும். இறக்கத்தில் சக்கரம் நிற்கும், வண்டி போகும். இரண்டாவது நடந்த அன்றே மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

> அண்ணா, மாத்தறதுன்னு ஆச்சு, 22 இஞ்ச் போட்டுட்டா கல்லு மேடெல்லாம் அசால்ட்டா ஏறுமே?

சேலத்துத் தம்பி, எங்கள் டிரைவருக்கும் இதே ஆசைதான். பார்க்க ஜீப் மாதிரி இருக்கும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 18 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு 56 அங்குலத்துக்குச் சற்று மேல் உருளும், 22 அங்குல டயர் 69. மோட்டார் அதே மோட்டார், பல்சக்கரமும் அதே. ஆக சமதரையில் வேகம் 22 விழுக்காடு ஏறும், தரையில் கிடைக்கும் இழுவை 18 விழுக்காடு இறங்கும். மலையில் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இழுவைதான் வேண்டும். ஆறு பேரோடு ஏறும்போது மோட்டார் சூடேறி, பேட்டரி சீக்கிரம் இறங்கும். பிரேக்குக்கும் இதே கணக்குதான், டிரம் பிடிக்கிற பிடி தரைக்கு வரும்போது அதே 18 விழுக்காடு குறைந்துவிடும். போதாததற்கு 22 அங்குலம் மட்கார்டில் இடிக்காமலிருக்க லிஃப்ட் கிட் போட்டு உடம்பையே தூக்க வேண்டும். சரிவில் திரும்புகிற வண்டியை யாராவது உயரமாக்குவார்களா?

அதனால் வெளிவிட்டத்தைத் தொடாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினோம். 205/50-10. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 205 மி.மீ. அகலத்தில் பாதி பக்கச்சுவர், அது மேலும் கீழுமாக இரண்டு, ஆக 205 மி.மீ. என்றால் சுமார் 8 அங்குலம். ரிம் 10. மொத்தம் 18. உயரம் மாறவில்லை, இழுவை மாறவில்லை. பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் வளைவில் நெளிவு குறைவு. ஆழப் பட்டன் உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். பழைய கார் ரிம் போடலாமே என்று தம்பி கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் நான்கு துளைகள் 4 அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மி.மீ.யில் இருக்கின்றன. நம்மூர்க் கார்கள் பலவற்றில் அது 100. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று முறுக்கி ஏற்றினால் ஆணி சாய்ந்தே நிற்கும், ஒருநாள் அறுந்துவிடும். துளைகள் நிற்கும் இந்த வட்டத்தின் விட்டத்தைப் பி.சி.டி. என்பார்கள். அதற்குத் ‘துளைவட்டம்’ என்று தம்பி சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் மறுக்கவில்லை, வைத்துக்கொள்வோம்.

இனி ரிம். ரிம்மின் நடுவில், துளைகள் உள்ள தகடு வண்டியின் குடத்தோடு ஒட்டி உட்காருகிறது. அந்தத் தகடு ரிம் அகலத்தின் சரிபாதியில் இருந்தால் ஆஃப்செட் பூஜ்யம். தகடு தெருப்பக்கம் நகர்ந்திருந்தால் சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும், அது பாசிட்டிவ். தகடு உட்பக்கம் நகர்ந்திருந்தால் சக்கரம் வெளியே வரும், அது நெகட்டிவ். கவனியுங்கள், கண்ணுக்கு வெளியே அதிகமாகத் தெரிவதுதான் நெகட்டிவ்.

எனக்கு வேண்டியது 7 அங்குல அகல ரிம், அரை அங்குலம் வெளியே வருவது. சேலத்தில் ஒரு கடையில் ‘நெகட்டிவ் ஆஃப்செட் அரை அங்குலம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் நெகட்டிவ் என்றால் குறைவு, வெளியே குறைவாகத் தெரிவது என்று எடுத்துக்கொண்டு, அரை அங்குலம் உள்ளே போகிறதை வரவழைத்துக் கொடுத்துவிட்டார். நானும் பார்க்காமல் மாட்டினேன். பக்கத்துக்கு ஒரு அங்குலம் பிசகு, இரண்டு பக்கமும் சேர்த்து வண்டியின் கால்விரிப்பு நான் நினைத்ததைவிட இரண்டு அங்குலம் குறுகிவிட்டது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது வளைவு திரும்பும்போது இடது பின்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் டயரின் உள்தோளில் வில்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) விரல்கடை அகலத்துக்குக் கறுப்பாக வழித்திருந்தது. புது ரப்பர் சுருள் சுருளாகப் பட்டையில் ஒட்டிக்கிடந்தது. மாட்டிய ரிம்மைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லே அப்படி.

இப்போது ஐயாவின் எதிரீட்டைப் போட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் ஆஃப்செட் ‘நேர் எதிரீடு’. நெகட்டிவ் ஆஃப்செட்? ‘எதிர் எதிரீடு’. இதைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் கடைக்காரர் இரண்டு எதிரையும் அடித்துவிட்டு நேராகக் கொடுத்திருப்பார்.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியிருந்தது:

> எங்கட பக்கம் வீலுக்குச் சில்லு எண்டுதான் சொல்லுறனாங்கள். ‘சில்லு விலக்கம்’ எண்டு வைச்சால் என்ன?

அக்கா, சில்லு எனக்கு ஆசையான சொல். ஆனால் சேலத்தில் சில்லு என்றால் கட்டம் போட்டு நொண்டியாடும் ஓட்டுத்துண்டு. விலக்கமோ பள்ளிப் புள்ளியியலில் திட்ட விலக்கமாகப் பட்டா வாங்கிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, எந்தப் பக்கம் விலகியது என்பதை அது சொல்லவில்லை. அச்சுத்தொழிலில் ஆஃப்செட்டை ‘மறுதோன்றி’ என்றார்கள். படம் தகட்டிலிருந்து ரப்பர் போர்வைக்குப் போய் அதிலிருந்து தாளில் மறுபடி தோன்றுகிறது. அந்தச் சொல்லை ஆக்கியவர் ஆங்கிலத்தைப் பார்க்கவில்லை, இயந்திரத்தைப் பார்த்திருக்கிறார். நமக்கும் அதுதான் வழி.

மாட்டுவண்டி ஆசாரிகளும் அப்படித்தான் செய்தார்கள். நடுவில் குடம்போல் இருந்ததால் குடம். அதிலிருந்து ஆரக்கால். சுற்றி வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா, கழன்று ஓடாமல் கடையாணி. இதில் எந்தச் சொல்லுக்கும் விளக்கவுரை வேண்டாம். ‘ஹப்’புக்கு நான் குடம் என்றே மேலே எழுதினேன். யாரும் தடுக்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு நண்பர் ‘ராஜாஜி சேலத்தில் தொடங்கிய வேலை, சேலத்துக்காரர்கள் கைவிடலாமா’ என்று உசுப்பியிருந்தார். உண்மைதான். 1916-இல், அவர் இங்கே வக்கீலாக இருந்த காலத்தில், அறிவியல் சொற்களைத் தமிழாக்க ஒரு கழகம் கண்டார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் என்று சொல் தேடினார்கள். அது படித்தவர்கள் படித்தவர்களுக்காகத் தேடியது. நூறாண்டு கழித்து நமக்கு மாட்டியிருப்பது பட்டறைச் சொல். பட்டறையில் போய்க் கேட்பதுதான் முறை.

கேட்டேன். கோரிமேட்டுப் பக்கம் ஒரு டயர் பட்டறை. வயதான மேஸ்திரி ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, முதுகின்மேல் ஒரு இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்தார். பட்டையிலிருந்து தகடு வரைக்கும் ஸ்கேலை இறக்கினார். விளிம்புத் தடிமனைக் கழித்தார். “உள்ளார நாலு இருக்குதுங்க, வெளியில மூணு. இது உள்ள வாங்கற ரிம்மு. உங்களுக்கு வெளிய தள்ளற ரிம்மு வேணும். உள்ள மூணு, வெளிய நாலு.” அவ்வளவுதான். பாசிட்டிவ் இல்லை, நெகட்டிவ் இல்லை. இந்த வண்டி ரிம்களை விற்பவர்களே 3:4, 2:5 என்றுதான் பலமுறை போடுகிறார்கள், முதல் எண் உட்பக்கம், அடுத்தது வெளிப்பக்கம். மேஸ்திரி அதைப் பார்த்தவரில்லை.

என் முன்மொழிவு இது. குறி போட்ட ஒரே சொல் வேண்டாம், திசை சொல்லும் இரண்டு சொற்கள் வேண்டும். சக்கரம் வெளியே வந்தால் ‘வெளித்தள்ளல்’. உள்ளே போனால் ‘உள்வாங்கல்’, கடல் உள்வாங்குகிறதே, அதேதான். பூஜ்யத்துக்கு ‘நடுமட்டம்’. பொதுவாக அளவைக் குறிக்க ‘தள்ளளவு’.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து

—

கோவை ஐயாவின் மறுமொழி:

எதிர் எதிரீட்டுக்குச் சிரித்துவிட்டேன், தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தள்ளளவில் ளகரம் இரண்டு இடத்தில் மோதுகிறது, வாயில் நிற்காது. கணினியிலும் ஆஃப்செட் வருகிறது, நில அளவையிலும் வருகிறது. எல்லாவற்றுக்கும் வெளித்தள்ளலைக் கொண்டுபோக முடியுமா?

—

ஐயா,

முடியாது, வேண்டவும் வேண்டாம். அச்சகத்துக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலக்காரர்கள் ஒரே சட்டையை நாலு பேருக்குப் போட்டால் நாமும் போட வேண்டுமா?

தள்ளளவு விஷயத்தில் நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. நேற்று சரியான ரிம் வந்தது, மாட்டப் போயிருந்தேன். குழப்பம் வரக்கூடாதென்று சீட்டில் ‘வெளித்தள்ளல் அரை அங்குலம்’ என்று எழுதி நீட்டினேன். மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிப் படித்து, உள்ளே பில் போடும் பெண்ணிடம் குரல் கொடுத்தார்: “வெளித்தள்ளு அரை, நாலு ரிம்மு.” ஒரு நொடியில் அல் கழன்றுவிட்டது. இலக்கணமும் அவர் பக்கம்தான். அடி, உதை, வெட்டு போல இதுவும் முதனிலைத் தொழிற்பெயர், ‘ஒரு தள்ளு தள்ளு’ என்கிறோமே. பொதுச்சொல்லுக்கும் வெறும் ‘தள்ளு’ போதும் போலிருக்கிறது. தள்ளுபடி, தள்ளுமுள்ளு எல்லாம் குறுக்கே வருமே என்று தம்பி கேட்பார். ரிம்மைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது வராது.

வில்பட்டையில் இப்போது உரசல் இல்லை. இரண்டு விரல் நுழைகிறது. ஏற்றத்தில் சக்கரம் வெறுமனே சுற்றுவதும் நின்றுவிட்டது. இன்று காலை முதல் சவாரியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் வேட்டியில் மட்டும் முழங்கால் வரைக்கும் செம்மண். டிரைவர் இறங்கி, சக்கரத்தையும் மட்கார்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“சார், தள்ளு கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சுங்க.”